பனியோடு எடுத்த பருத்தி

சின்னக்கானல் எஸ்டேட் பள்ளிக்கூடம்,
26-10-1930

அத்தை அவர்களுக்கு ராமாத்தாள் எழுதிக்கொண்டது.

மாதாமாதம் நான் எழுதுவது என் பெண் செல்லாவுக்கு. நீங்கள்தான் அவளுக்குப் படித்துக் காட்டுகிறீர்கள் என்று தெரியும். ஆனாலும் ‘அத்தைக்கு’ என்று மேலே எழுதி இத்தனை வருஷத்தில் ஒரு கடிதம் போட்டதில்லை. இது உங்களுக்கு. தயவுசெய்து கடைசிவரை படியுங்கள்.

ஜப்பான் தேசத்தில் கோபே என்று ஒரு துறைமுகப் பட்டணம் இருக்கிறது. நம் நாட்டு வியாபாரிகள் பலர் அங்கே குடும்பத்தோடு இருக்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்குப் பகலிலும், அந்த ஊர்ப் பெண்களுக்கு மாலையிலும் இங்கிலீஷ் சொல்லித்தர ஒரு பள்ளிக்கூடம் வைத்திருக்கிறார்கள். அங்கே ஆசிரியையாக வரச் சம்மதமா என்று எனக்கு எழுதியிருக்கிறார்கள். கப்பலிலிருந்து இறங்கும்போதே அந்த ஊர்ப் பாஷை பேசவும் கொஞ்சம் எழுதவும் தெரிந்திருக்க வேண்டும் என்பது அவர்கள் நிபந்தனை.

எங்கள் எஸ்டேட் தேயிலைப் பாக்டரியில் மரியஜோசப் என்று ஒருவர் வேலை பார்க்கிறார். முன்னே கப்பலில் இருந்தவர். அவர் மனைவி ஹாரு ஜப்பான்காரி. கூலிக்காரர் குடியிருக்கும் லயத்துப் பெண்கள் அந்தப் பேரை ஆராயி ஆக்கிவிட்டார்கள். அவளுடைய அண்ணன்தான் அந்தப் பள்ளிக்கூடத்தில் கணக்கெழுதுகிறார். எனக்கு விஷயம் வந்தது அப்படித்தான். ஆனி மாதத்திலிருந்து அவளிடம் பாஷை கற்கிறேன். அவளுக்கு நான் தமிழ் எழுத்து சொல்லித்தருகிறேன்.

சித்திரை முடிவில் கப்பல். செல்லாவை என்னோடு அழைத்துப்போக ஆசைப்படுகிறேன். உங்களைக் கேட்காமல் எதுவும் செய்யமாட்டேன்.

ராமாத்தாள்


வண்ணாமடை,
பிரமோதூத வருஷம் ஐப்பசி 20

ராமாத்தாளுக்குக் காளியாத்தாள் எழுதுவது.

இங்கே மழை பெய்தது. பருத்தி முளைத்துவிட்டது. அதைத் தவிர நல்ல சேதி ஒன்றும் இல்லை. இருந்த நிம்மதியையும் உன் கடிதம் கொண்டுபோய்விட்டது.

சின்னவன் அப்புசாமிதான் முதலில் பிரித்தான். கோபே என்று நீ எழுதியதைக் கோபி என்று படித்துவிட்டு, “ஏனுங்கம்மா, கோபிச்செட்டிபாளையம் போறதுக்கு என்னத்துக்குங்க கப்பலு?” என்கிறான். அண்ணன் படித்ததில் பாதியாவது இவன் படித்திருந்தால் எனக்கு ஏன் இந்தக் கதி.

நான் மூன்றாம் வகுப்பு. அதற்குமேல் என்னை அனுப்பாத என் அப்பன்மேல் இன்றைக்கும் எனக்குக் கோபம் உண்டு. ஆனால் எனக்கு ஞாபகம் இருக்கிற அளவுக்கு எந்தப் படித்தவளுக்கும் இருக்காது. கேட்டுக்கொள்.

மூணாற்றுப் பக்கத்துத் தோட்டத்தில் ரைட்டர் வேலை காலி என்று பத்திரிகையைப் பார்த்துச் சத்தமாக வாசித்தது நீ. நம் களத்தில், வேப்பமரத்து நிழலில், பச்சைக் கட்டம் போட்ட சேலை கட்டிக்கொண்டு வாசித்தாய். நீ வாசிக்காவிட்டால் என் மகன் சென்னியப்பன் மலையேறியிருக்கமாட்டான். மலையேறாவிட்டால் ஆறு வருஷத்துக்கு முன், மலையாளத்தார் தொண்ணூற்றொன்பது என்று சொல்கிற வருஷத்து வெள்ளம் அவனைக் கொண்டுபோயிருக்காது. அப்போது செல்லாவுக்கு நடக்கக்கூடத் தெரியாது. பிள்ளையை என் மடியில் போட்டுவிட்டு நீ பட்டணத்துக்கு வாத்தியார் படிப்புப் படிக்கப் போனாய். படித்து முடித்து இங்கேயா வந்தாய்? எந்த மலை அவனைத் தின்றதோ அதே மலைக்கு வேலைக்குப் போனாய். இப்போது கடல். உனக்கு மண்ணில் கால் பாவாதா?

பிள்ளையை அனுப்பமாட்டேன். அவள் எங்கள் கூட்டத்துப் பிள்ளை. நீ போவதென்றால் போ, உன்னைத் தடுக்கமாட்டேன், அதில் எனக்கு இஷ்டமும் இல்லை, கஷ்டமும் இல்லை.

அந்த ஊரில் பூமி அடிக்கடி ஆடுமாமே, மெய்தானா?

காளியாத்தாள்


சின்னக்கானல்,
23-11-1930

அத்தை அவர்களுக்கு,

பூமி ஆடுவது மெய்தான். ஏழு வருஷத்துக்கு முன் பெரிய பட்டணம் ஒன்றே எரிந்து விழுந்ததாம். அது கோபேக்குத் தூரம். ஹாருவிடம் கேட்டேன். “டீச்சரம்மா, இங்க மட்டும் என்ன? மழ வந்தா மல சரியுது, ஆன வந்தா லயம் சரியுது. எங்கன போனா செத்தே போமாட்டேன்னு எளுதிக் குடுத்திருக்கு?” என்றாள். அவள் பேசும் தமிழ் முழுக்கக் கொழுந்து பறிக்கும் பெண்களிடம் கற்றது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் திருநெல்வேலிக்காரி என்றுதான் நினைப்பீர்கள்.

பச்சைக் கட்டச் சேலையைப் பற்றி எழுதியிருந்தீர்கள். வாசித்தது நான்தான். ஆறு வருஷமாக நானும் அதை மறக்கவில்லை.

நான் எப்படிப் படிக்கிறேன் என்று மட்டும் சொல்கிறேன். பாக்டரியில் உடைந்துபோன தேயிலைப் பெட்டிப் பலகையை மரியஜோசப் கொண்டுவந்து தருவார். அதில் அடுப்புக்கரியால் எழுதுவேன். ஹாரு நனைந்த துணியால் துடைப்பாள். பிறகு மறுபடியும். அவர்களுக்கு நம்மைப்போல் ஓசைக்கு எழுத்து உண்டு. அது போதாதென்று பொருளுக்கும் தனித்தனி எழுத்து. ஒரு சதுரம் போட்டு நடுவில் குறுக்கும் நெடுக்குமாக வரப்புக் கட்டினால் அது வயல். மரம் ஒன்று வரைந்தால் மரம், பக்கத்தில் இன்னொன்று வரைந்தால் தோப்பு. இதை உங்களிடம் காட்ட வேண்டும் என்று அன்றைக்கு முழுக்கத் தோன்றிக்கொண்டே இருந்தது. ஏன் என்று தெரியவில்லை. நம் காட்டில் பாத்தி பிரிக்கக் கயிறு பிடித்துக்கொண்டு நீங்கள் நிற்பது கண்ணுக்கு முன்னால் வந்தது.

பேச்சிலும் நம்மைப்போலவே பெரியவர்களுக்கு ஒரு விதம், சின்னவர்களுக்கு ஒரு விதம். நம் ஊரில் ஒவ்வொரு வார்த்தைக்கும் ‘ங்க’ போட்டு வளர்ந்ததால் எனக்கு அது சுலபமாக வந்தது. இன்னொன்று, அங்கே வீட்டை விட்டுக் கிளம்புகிறவர்கள் போகிறேன் என்று சொல்வதில்லையாம். ‘போய் வருகிறேன்’ என்றுதான் சொல்வார்களாம். வீட்டில் இருப்பவர்கள் ‘போய் வா’ என்பார்களாம். அப்படிப்பட்ட ஊருக்குத்தான் போகிறேன், அத்தை.

செல்லாவுக்கு எழுதும் கடிதத்தில் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் ஜப்பான் வார்த்தை எழுதுகிறேன். சொல்லிக்கொடுக்க வேண்டாம் என்றால் நிறுத்திவிடுகிறேன்.

ராமாத்தாள்


வண்ணாமடை,
மார்கழி 4

ராமாத்தாளுக்கு,

போய் வருகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் என் மகனும் போனான். வார்த்தையில் என்ன இருக்கிறது.

செல்லாவுக்கு நீ எழுதும் வார்த்தையை நான் நிறுத்தி என்ன பிரயோசனம். காலை வந்தனமாம், எருமையை அவிழ்க்கும்போது “ஒஹாயோ” என்கிறாள். எருமையும் திரும்பிப் பார்க்கிறது. தண்ணீருக்கு ஒரு பேர், சோற்றுக்கு ஒரு பேர், பூனைக்கு ஒரு பேர். அப்புசாமி திட்டினால் அந்தப் பாஷையில் முணுமுணுக்கிறாள். என்னவென்று கேட்டால், “மழைன்னு சொன்னனுங்க அப்பத்தா” என்கிறாள்.

வரப்புக் கட்டின எழுத்தை நானும் களத்து மண்ணில் போட்டுப் பார்த்தேன். அதை எழுத்தாக்கினவன் ஏர் பிடித்தவனாகத்தான் இருப்பான்.

இப்போது நான் கேட்பதற்குப் பதில் சொல். நாளைக்கு அங்கே பிள்ளைக்குச் சுரம் அடித்தால் வைத்தியனிடம் எந்தப் பாஷையில் சொல்வாய்? எப்போது தொடங்கியது, என்ன தின்றாள், எங்கே வலிக்கிறது என்று அவன் கேட்பது உனக்குப் புரியுமா? நீ சொல்வது அவனுக்குப் புரியுமா? வயல், மரம் என்று வரைந்து காட்டிக்கொண்டிருப்பாயா? மூணாற்றில் அன்றைக்குக் கரையேறச் சொல்லி எவனோ மலையாளத்தில் கத்தினானாம். என் மகனுக்கு விளங்க எவ்வளவு நேரம் ஆயிற்றோ, யார் கண்டது.

அதனால் ஒன்று சொல்கிறேன். பொள்ளாச்சியில் ஜப்பான்காரன் பருத்தி வாங்கும் கிடங்கு உனக்குத் தெரியும். இந்த வருஷம் ஜப்பான் துரையே வந்து உட்கார்ந்திருக்கிறாராம். இரண்டு வருஷத்துக்கு முன் மாசியில் அங்கே தரம் பார்க்கிறவன் எனக்குச் செய்ததை நீ கேள்விப்பட்டிருக்கமாட்டாய். என் பொதிக்குள் கையை விட்டு எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தான். சந்தைக்கூட்டம் அத்தனையும் நிற்கிறது. “ஏனுங்கம்மா, பருத்தி வித்தது பத்தாதுன்னு கெணத்தையும் சேத்தி விக்கறீங்களா?” என்றான். எல்லாரும் சிரித்தார்கள். அதில் நம் பங்காளிகளும் உண்டு. யார் யார் என்று இன்றைக்கும் சொல்வேன்.

நான் எடை ஏறத் தண்ணீர் தெளிக்கிறவளா? மேலே கொஞ்சம் ஈரம் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஊற்றின தண்ணீர் வேறு, இறங்கின பனி வேறு. நம் காட்டில் எப்படி எடுப்போம் என்று உனக்குத் தெரியும். நீயும் எடுத்திருக்கிறாய்.

இதை அந்தப் பாஷையில் நீ எழுது. என் பருத்தி ஏன் ஈரம், எப்படி எடுத்தது, அந்தத் தரக்காரன் ஒரு குருடன், அவன் கை புளி உருட்டத்தான் லாயக்கு, எல்லாவற்றையும் எழுது. நான் கொண்டுபோய் அந்தத் துரை கையிலேயே கொடுக்கிறேன். அவர் படித்துப் புரிந்துகொண்டால் பிள்ளையை அனுப்புகிறேன். புரியாவிட்டால் பிள்ளை இங்கே. இது என் வாக்கு.

காளியாத்தாள்


சின்னக்கானல்,
1-2-1931

அத்தை அவர்களுக்கு,

ஒன்றரை மாதமாகப் பதில் போடவில்லை. கோபம் இல்லை, பயம்.

நான் கற்றது சமையலறைப் பாஷை, கடைத்தெருப் பாஷை, வகுப்பில் பிள்ளைகளை உட்காரச் சொல்லும் பாஷை. பருத்திக் காட்டுக்கு எனக்கு வார்த்தை இல்லை. ஹாருவிடம் போனால் அவள் பருத்திச் செடியையே பார்த்ததில்லை. “எங்க ஊர்ல துணிதான் தெரியும். செடி எப்பிடி இருக்கும், முருங்க மாரியா?” என்று கேட்டாள். உட்கார வைத்து இலை, பூ, காய், வெடிக்கும்போது பிரிகிற தோடு என்று பலகையில் வரைந்து காட்டினேன். காய்ந்த தோட்டுக்கு என்ன சொல்வது என்று அவளுக்கும் தெரியவில்லை. கடைசியில் ‘பூவின் காய்ந்த கிண்ணம்’ என்று எழுதினேன். பனிக்கு மட்டும் உடனே வார்த்தை தந்தாள். அவர்கள் ஊரில் அதற்குப் பஞ்சமே இல்லையாம்.

நான் நாலு தடவை எழுதிக் கிழித்ததைப் பார்த்துவிட்டு அவளே கேட்டாள்: “ஏன் டீச்சரம்மா இந்தப் பாடு? நான் எளுதித் தாரேன். நீங்க பாத்து எளுதிருங்க. கெழவிக்கு என்ன தெரியவாப் போவுது?” எனக்கும் ஒரு நிமிஷம் ஆசை வந்தது. ஆனால் நீங்கள் கேட்டது பிள்ளையைக் காக்கிற அளவுக்கு எனக்குப் பாஷை இருக்கிறதா என்று. ஹாருவுக்கு இருக்கிறதா என்று கேட்கவில்லை. வேண்டாம் என்றேன். அவள் கோபித்துக்கொண்டு இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் தானாக வந்து, பக்கத்தில் உட்கார்ந்து, நான் எழுதுவதைத் தொடாமல் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

இதனுடன் இருப்பது முழுக்க என் கையெழுத்து. பிழை இருந்தால் அதுவும் என்னுடையதே. நீங்கள் சொன்னதில் குருடன், புளி இரண்டையும் விட்டுவிட்டேன். எனக்கு அந்தப் பாஷையில் திட்டத் தெரியாது. ஹாருவுக்குத் தெரியும், சொல்லித்தர மறுத்துவிட்டாள்.

நீங்கள் சொல்லாத ஒன்றையும் எழுதியிருக்கிறேன். அதற்கு என்னைத் திட்டுங்கள்.

ராமாத்தாள்


வண்ணாமடை,
மாசி 26

ராமாத்தாளுக்கு,

போய்விட்டு வந்தேன். சொல்கிறேன், குறுக்கே யோசிக்காமல் படி.

போன வியாழக்கிழமை பொள்ளாச்சிக்கு வண்டி பூட்டினோம். அப்புசாமி ஓட்டினான். வழி முழுக்க, “வேண்டாமுங்கம்மா, மறுக்காவும் சிரிப்பானுங்க” என்று சொல்லிக்கொண்டே வந்தான். கிடங்கில் அதே தரக்காரன். என்னைப் பார்த்ததும் அவனுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. உதட்டோரம் சிரித்தான். சிரி என்று விட்டுவிட்டேன்.

துரை சின்ன வயதுக்காரர். ஒல்லி. கண்ணாடி போட்டிருந்தார். பக்கத்தில் துபாசி ஒருத்தன், நம் கோயமுத்தூர்ப் பக்கத்துப் பையன். “மனுவெல்லாம் எங்கிட்டக் குடுங்காத்தா” என்று கையை நீட்டினான். “இது உனக்குப் படிக்க வராது கண்ணு. அவருகிட்டயே குடுக்கறேன்” என்றேன்.

துரை அசிரத்தையாகத்தான் பிரித்தார். பிரித்தவர் எழுந்துவிட்டார். வெளிச்சத்துக்காக வாசற்படி வரைக்கும் போய் நின்று படித்தார். திரும்பி வந்து இன்னொரு தடவை வாய்விட்டுப் படித்தார். நீ எழுதினது இன்னொரு மனுசன் வாயிலிருந்து வருகிறது, எனக்கு ஒரு எழுத்தும் விளங்கவில்லை, நடுவில் ‘காரியாத்தாரு’ என்று வந்தது. நான்தான் அது என்று தெரிந்தது. “காளியாத்தாளுங்க” என்று திருத்தினேன். அவரும் தலையை ஆட்டிவிட்டு, “காரியாத்தாரு” என்றார். போகட்டும் என்று விட்டேன்.

துபாசி கேட்டான்: “இத எழுதுனது ஆருங்கன்னு கேக்கறாருங்க.”

“எம்மருமக.”

“அவங்க எந்தூர்ல படிச்சாங்கன்னு கேக்கறாருங்க.”

“மலமேல. தேயிலப் பொட்டிப் பலகையில.”

அதை அவன் சொன்னதும் துரை என்னைப் பார்த்துக் குனிந்தார். கும்பிடு மாதிரி இல்லை, இடுப்பு வரைக்கும் குனிந்தார். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, நானும் குனிந்தேன். அப்புசாமி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

“தப்பு இருக்குதான்னு கேளு கண்ணு. மறைக்காமச் சொல்லச் சொல்லு.”

“இருக்குதாமுங்க. சில எடம் சின்னப் புள்ளைக எழுதற மாதிரி இருக்குதாமா. ஆனா வெளங்காத எடம் ஒண்ணுகூட இல்லீங்களாமா.”

பிறகு நீ எழுதினது என்னவென்று ஒவ்வொரு வரியாக அவனைச் சொல்ல வைத்தேன். வெயில் ஏறினால் காய்ந்த தோடு நொறுங்கிப் பருத்தியில் ஒட்டிக்கொள்ளும், பனியில் அது மெத்தென்று செடியோடு நின்றுவிடும், பருத்தி மட்டும் சுத்தமாகக் கையோடு வரும் என்று எழுதியிருக்கிறாய். சரி. அதற்கப்புறம் எழுதியிருக்கிறாயே, ‘விடியலில் பருத்தி எடுத்துக் கரையேறும்போது என் அத்தையின் சேலை இடுப்புவரைக்கும் நனைந்திருக்கும். அந்த ஈரம்தான் இந்தப் பருத்தியிலும் இருப்பது. அவரைப்போல் பருத்தி எடுக்கிறவரை நான் பார்த்ததில்லை. நம்பாவிட்டால் ஒரு நாள் பொழுது விடியுமுன் காட்டுக்கு வந்து பாருங்கள்’ என்று. அதை யாரைக் கேட்டு எழுதினாய்? துரையை வீட்டுக்கு அழைக்கிறவள் முன்கூட்டியே எனக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா?

மறுநாளே வந்துவிட்டார். மோட்டார் குளத்துக் கரையில் சேற்றில் நின்றுவிட்டது. இறங்கி நடந்தே வந்தார்கள், துரை, துபாசி, தரக்காரன் மூன்று பேரும். காட்டு வரப்பில் கால் வைக்குமுன் துரை தன் பூட்ஸைக் கழற்றி ஓரமாக ஜோடி சேர்த்து வைத்தார். யாரும் சொல்லவில்லை. தரக்காரன் செருப்போடுதான் இறங்கினான்.

என் பக்கத்து வரிசையில் நின்று துரையும் எடுத்தார். கை மெதுவு. ஆனால் காயை முறிக்கவில்லை, செடியை இழுக்கவில்லை. அவருடைய கால்சராய் முழங்காலுக்கு மேலே நனைந்துவிட்டது. கம்பங்கூழ் கொடுத்தேன், குடித்தார். வெயில் ஏறும்வரைக்கும் இருந்து அதே வரிசையில் மறுபடியும் எடுத்தார். ஒரு கையில் விடியல் பருத்தி, ஒரு கையில் உச்சிவெயில் பருத்தி. வெயில் பருத்தியில் தோட்டுத் தூள் மிளகுப்பொடி போட்டது மாதிரி இருந்தது. இரண்டையும் தரக்காரன் முகத்துக்கு நேரே நீட்டினார்.

நான் கேட்டேன். “இப்பச் சொல்லுங்க தம்பி, எங்க கெணறு எந்தப் பக்கம் இருக்குதுங்க?”

அன்றைக்குச் சிரித்த பங்காளிகள் வரப்பில் வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள். இந்தத் தடவையும் சிரித்தார்கள், என்னைப் பார்த்து இல்லை. இந்தக் காட்டுப் பருத்தியைத் தனிப் பொதியாகக் கட்டச் சொல்லிவிட்டுப் போனார் துரை.

ஒன்று சொல்லாமல் விட்டேன். விடியலில் அவர் வரப்பில் வரும்போதே செல்லா முன்னால் போய் நின்று, “ஒஹாயோ கொசாய்மாசு” என்று குனிந்தாள். நீ எப்போது குனியச் சொல்லிக்கொடுத்தாயோ. அந்த மனுசன் கையிலிருந்த தொப்பி கீழே விழுந்துவிட்டது. அப்படியே குந்தி உட்கார்ந்துவிட்டார். இவள் தண்ணீர், சோறு, பூனை, மழை என்று தெரிந்ததையெல்லாம் கொட்டினாள். அவர் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். அவருக்கும் ஊரில் இவள் வயதில் ஒரு பெண் இருக்கிறதாம், பார்த்து ரொம்ப நாள் ஆயிற்றாம். செல்லாவிடம் கூச்சம் கொஞ்சம்கூட இல்லை. பங்காளி வீட்டுக்குப் போனால் என் முந்தானைக்குள் புகுந்துகொள்கிற பிள்ளை அது.

வாக்குக் கொடுத்ததை மறக்கவில்லை. மறக்கிற ஆள் நானில்லை. ஆனால் இப்போது ஒன்றும் கேட்காதே. கொஞ்சம் பொறு.

காளியாத்தாள்


சின்னக்கானல்,
22-3-1931

அத்தை அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைப் பள்ளிக்கூட வாசலில் நின்றுகொண்டே படித்தேன். பிறகு ஹாருவுக்குப் படித்துக் காட்டினேன். பூட்ஸைக் கழற்றின இடம் வந்ததும் அவள் முகத்தை மூடிக்கொண்டாள். கையை எடுத்துவிட்டு, “உம்ம மாமியாரப் பாக்கணும் டீச்சரம்மா. நான் எங்க ஊருக்குத் திரும்பிப் போனா இந்தக் கதையத்தான் சொல்லுவேன்” என்றாள்.

கேட்காமல் அழைத்தது தப்புத்தான். ஆனால் அந்த வரியை எழுதும்போதுதான் எனக்குப் பாஷை தங்குதடையில்லாமல் வந்தது. கல்யாணமாகி வந்த வருஷம் பனியில் உங்களுக்குப் பின்னால் நடந்து பருத்தி எடுத்தேன். உங்கள் கை போகிற வேகத்துக்கு என்னால் ஈடுகொடுக்க முடியவில்லை. திரும்பிப் பார்த்துவிட்டு என் வரிசையையும் சேர்த்து எடுத்துக்கொண்டே போனீர்கள். அது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். எனக்கும் இருக்கிறது.

கப்பல் மே மாதம் ஆறாம் தேதி கொழும்பிலிருந்து. நான் போடிமெட்டு இறங்கி, ஏப்ரல் முப்பதாம் தேதி காலையில் மதுரை ஸ்டேஷனில் இருப்பேன்.

அத்தை, ஒன்று எழுத வேண்டும். கோபத்தில் கொடுத்த வாக்கு அது. கிடங்குத் துரைக்கு ஒன்றும் புரியாது என்று நினைத்துக் கொடுத்திருப்பீர்கள். அதைப் பிடித்துக்கொண்டு பிள்ளையைக் கேட்க எனக்கு மனம் வரவில்லை. வாக்கைத் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள். அவளை வளர்த்தது நீங்கள். அனுப்பவில்லை என்றால் நான் தனியாகப் போகிறேன். மாதாமாதம் எழுதுகிறேன். எனக்கு வருத்தம் இருக்கும், கோபம் இருக்காது.

ராமாத்தாள்


வண்ணாமடை,
பிரஜோற்பத்தி வருஷம் சித்திரை 8

ராமாத்தாளுக்கு,

உன்மேல் எனக்கு இருக்கிற கோபத்தில் இப்போது இன்னொன்று சேர்ந்திருக்கிறது. கொடுத்த வாக்கைத் திருப்பி எடுத்துக்கொள் என்று என்னிடம் சொல்ல உனக்கு எப்படித் துணிச்சல் வந்தது? சந்தையிலிருந்து பருத்தியைத் திருப்பி எடுத்துவந்திருக்கிறேன். வாக்கைத் திருப்பி எடுத்ததில்லை. இதை நான் சாகும்வரைக்கும் மறக்கமாட்டேன்.

அப்புசாமி வீட்டில் ஆடித் தீர்த்துவிட்டான். “நம்மூட்டுப் புள்ளைய ஊரு பேரு தெரியாத சீமைக்கு அனுப்பிச்சுப்போட்டு நாளைக்கு நாலு பேரு மொகத்துல எப்படீங்கம்மா முழிக்கறது?” என்றான். “அந்த நாலு பேரும் வரப்புல நின்னு பாத்தவங்கதான்டா. அவங்க ஊட்டுல எவளாச்சும் எழுதுன காயிதத்துக்கு ஒரு தொரை எந்திரிச்சு நின்னானா கேளு” என்றேன். இப்போது அவனே மதுரைக்குக் கூட்டிக்கொண்டு வருகிறான். பொள்ளாச்சியில் ரயில் ஏறித் திண்டுக்கல்லில் மாறுவார்கள்.

நான் வரவில்லை. வந்தால் ரயிலடியிலிருந்து பிள்ளையைத் திரும்ப இழுத்துக்கொண்டு வந்துவிடுவேன். என்னைப் பற்றி எனக்குத் தெரியும்.

பிள்ளையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பயம் வந்தால் பயம் என்று சொல்லமாட்டாள், வயிறு வலிக்கிறது என்பாள். வைத்தியனிடம் ஓடிவிடாதே, கொஞ்சம் பக்கத்தில் உட்கார். தூக்கத்தில் யாருடைய சேலை நுனியையாவது பிடித்துக்கொள்ள வேண்டும். கூழ் குடிப்பாள், வெல்லம் கேட்பாள், கொடுக்காதே, பல் போகிறது. அவள் அப்பனைப்போலப் பிடிவாதம், உன்னைப்போல வாய். என்னைப்போல ஒன்றும் இல்லை என்று நினைத்திருந்தேன். போன வாரம் அப்புசாமி மகன் எப்போதோ உடைத்த பொம்மைக்கு இப்போது போய் அவனைக் கிள்ளிவிட்டு வந்தாள். சரிதான்.

ஆறு, கடல் எதன் பக்கமும் தனியாக விடாதே. இதை மட்டும் நீ மறந்தால் நான் பொறுக்கமாட்டேன்.

நீ அங்கே போய்ச் சொல்லித்தருகிற பெண்களிடம், நான் மூன்றாம் வகுப்பு என்று சொல்ல வேண்டாம். பருத்திக்காரி என்று சொல். இவ்வளவு தூரம் ஒரு மருமகள் படித்தாள் என்று நான் யாரிடமும் சொல்லிக்கொண்டு திரியவில்லை. சந்தையில் இரண்டு பேரிடம் சொன்னேன், அவர்கள் பரப்பிவிட்டார்கள்.

போனதும் கொஞ்ச நாள் பிள்ளை என்னைத் தேடும். அப்பத்தா எங்கே என்று கேட்கும். அடுத்த கப்பலில் வருவாள் என்று பொய் சொல்லாதே. நாளைக்கு அது தெரிந்துபோனால் உன்னையும் நம்பாது, என்னையும் நம்பாது. அப்பத்தா காட்டில் இருக்கிறாள் என்று சொல். எந்த நாளில் கேட்டாலும் அது மெய்யாகத்தான் இருக்கும்.

காளியாத்தாள்